படத்தைக் கொடுங்கள், அளக்க விடுங்கள்: உயிரியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம் ஆகிய துறைகளின் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும், தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தாருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நுண்ணோக்கிப் படங்களைக் கணினியில் அளந்து ஆராயும் பயிற்சியை இளங்கலை, முதுகலைச் செய்முறைப் பாடங்களில் மதிப்பெண்ணோடு சேருங்கள். அந்த வேலையை மாணவர் விடுதியில் உட்கார்ந்து செய்தாலும் வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் செய்முறை நேரமாகவே கணக்கில் எடுங்கள். உங்கள் துறைக் கணினிகளில் கிடக்கும் மூலப் படங்களை, அதாவது நுண்ணோக்கி சேமித்தபடியே இருக்கும் கோப்புகளை, மாணவர் கைக்குப் போகவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான். பணம் கேட்கவில்லை, புதுக் கருவி கேட்கவில்லை, புதுப் பணியிடம்கூடக் கேட்கவில்லை.

இன்றைய செய்முறை வகுப்பு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண நுண்ணோக்கியே பல கல்லூரிகளில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றுதான். ஒளிர்சாயம் ஏற்றிய செல்களைக் காட்டும் ஒளிர்வு நுண்ணோக்கி என்றால் துறைக்கு ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். அதுவும் ஆராய்ச்சி மாணவர் கட்டுப்பாட்டில், பூட்டிய அறையில், உறை போட்டு இருக்கும். வருடத்துக்கு ஒரு நாள் மூன்றாமாண்டு மாணவர்களை வரிசையில் நிறுத்திக் காட்டுவோம். ஒவ்வொருவரும் குனிந்து, ஒரு கண்ணை மூடி, ஐந்து நொடி பார்த்துவிட்டு "தெரியுது சார்" என்று நகர்ந்துவிடுவார்கள். தெரிந்ததா என்று நாமும் கேட்பதில்லை. அப்புறம் ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் ஒரு வட்டம், அதற்குள் நாலு புள்ளி, பக்கத்தில் அம்புக்குறி. பெரும்பாலும் சீனியருடைய ரெக்கார்டைப் பார்த்து வரைந்தது. எத்தனை செல், எவ்வளவு பெரிது, எதில் எவ்வளவு ஒளி என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

பென்சில் படத்துக்கு நான் எதிரி இல்லை. வரைந்து பார்த்தால்தான் கண் கூர்மையாகும். ஆனால் வரைவதோடு நின்றுவிட்டால் உயிரியல் என்பது பார்த்துப் பெயர் சொல்லும் படிப்பு என்றே பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. இன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் நுண்ணோக்கி அளக்கிற கருவி. கேமரா எடுப்பது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு படப்புள்ளியும் (பிக்சல்) ஒரு மதிப்பு. எட்டு பிட் படம் என்றால் 0 முதல் 255 வரை, பதினாறு பிட் என்றால் 0 முதல் 65,535 வரை. அந்த எண்களைத் தொடாமலேயே நம் மாணவர்கள் பட்டம் வாங்கி வெளியே போகிறார்கள்.

அந்த எண்களைத் தொடும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது, அதுவும் நேற்று இன்று வந்ததில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் வேலை பார்த்த வேய்ன் ராஸ்பாண்ட் 1987-இல் மெக்கின்டோஷ் கணினிக்கென்று ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். 1997-இல் அதை ஜாவாவில் எழுதி எல்லாக் கணினிகளிலும் ஓடும்படி செய்தார். அதுதான் இமேஜ்ஜே. அரசுப் பணத்தில் எழுதியது, எனவே பொதுச்சொத்து. யாரும் எடுக்கலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம். அதன் மேல் கூடுதல் வசதி தரும் பல செருகுநிரல்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு ஃபிஜி. ஆன் கார்பென்டர் குழுவினர் உருவாக்கி, அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தில் வளர்த்த செல்ப்ரொஃபைலர், ஆயிரக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் அளக்கும். பெல்ஃபாஸ்டில் பீட் பேங்க்ஹெட் தொடங்கிய க்யூபாத், திசுவியல் ஸ்லைடுகளின் மிகப் பெரிய படங்களுக்கானது. இவை எல்லாமே இலவசம், மூலநிரலும் திறந்தது. இப்போது இளங்கலை முதலாண்டு சேரும் மாணவர் பிறப்பதற்கு முன்பே இமேஜ்ஜே வந்துவிட்டது. ஆகவே "மென்பொருள் வாங்க நிதி இல்லை" என்ற பேச்சை இந்த இடத்தில் விட்டுவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் சங்கடமான விஷயம். உரிமம் உடைத்த வணிக மென்பொருள்கள் பென் டிரைவில் கைமாறுவது நம் ஆய்வுக்கூடங்களில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அதே பென் டிரைவில் ஃபிஜியைப் போட்டுக் கொடுத்தால் அது சட்டப்படி சரி. நிறுவக்கூட வேண்டாம், சுருக்கிய கோப்பை விரித்து அந்த உறையிலிருந்தே ஓட்டலாம். கணினி ஆய்வக உதவியாளரிடம் நிர்வாகக் கடவுச்சொல் கேட்டு நிற்க வேண்டியதில்லை. இமேஜ்ஜேயை உலாவியிலேயே ஓட்டும் வடிவமும் இருக்கிறது.

சரி, மாணவர் இதை வைத்து என்ன செய்வார்? எல்லோரும் நடத்தும் ஒரு செய்முறையையே எடுத்துக்கொள்கிறேன்: ஆன்டிபயாட்டிக் வட்டுப் பரவல் சோதனை. முல்லர்–ஹின்டன் அகார் என்ற வளர்ப்புக் கூழ் ஊற்றிய தட்டு, அதில் பரப்பிய பாக்டீரியா, மேலே மருந்து தோய்ந்த காகித வட்டுகள். மறுநாள் வட்டைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிந்த வளையம். ஸ்கேலை வைத்து அந்த வளையத்தை அளப்போம். ஒரு தட்டை ஐந்து பேர் அளந்தால் ஐந்து விடை வரும், அதில் யாராவது ஒருவருடையதை எல்லோரும் எழுதிக்கொள்வார்கள்.

இதையே தட்டுக்கு நேர் மேலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, படத்தை வகுப்புக்கே கொடுத்துவிடுங்கள். காகித வட்டின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்பது தெரிந்த அளவு. மாணவர் வீட்டில் படத்தைத் திறந்து, வட்டின் குறுக்கே கோடு போட்டு, இத்தனை படப்புள்ளி 6 மில்லிமீட்டர் என்று அளவுகோலை நிறுவுகிறார். பிறகு வளையத்தை அளக்கிறார். வேலை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. படத்தில் வட்டு 60 படப்புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். வட்டின் ஓரத்தைக் குறிப்பதில் ஒரே ஒரு புள்ளி தவறினால், 24 மில்லிமீட்டர் வளையம் 24.4 ஆகிவிடும். சிறிய பொருளை அளவுகோலாக வைத்தால் அதன் பிழை பெரிய பொருளில் பெருகி வரும். அப்படியென்றால் தட்டின் விட்டத்தையே அளவுகோலாக வைக்கலாமே என்று ஒரு மாணவி கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் தட்டின் விளிம்பு அகார் பரப்பைவிட உயரத்தில் இருக்கிறது, கேமராவுக்குக் கிட்டே. எனவே கொஞ்சம் பெரிதாகத் தெரியும். மேசையில் ஸ்கேல் வைத்து எடுத்தால் அது அகாருக்குக் கீழே, கொஞ்சம் சிறிதாகத் தெரியும். எதை நம்புவது? படத்தைச் சாய்த்து எடுத்திருந்தால் என்ன ஆகும்? இந்த மருந்துக்கு இந்த பாக்டீரியா பணியுமா பணியாதா என்ற முடிவு எல்லைக்கோட்டில் ஒரு மில்லிமீட்டரில் மாறிவிடும் என்பதால், இதெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. இப்படி ஒரு வைவாவை நான் பார்க்க ஆசைப்படுகிறேன். "முல்லர்–ஹின்டன் அகாரின் கூறுகள் யாவை" என்ற கேள்வியை எத்தனை காலம்தான் கேட்பது?

இலைப் பரப்பும் இப்படித்தான். வரைபடத் தாளில் இலையை வைத்து வரைந்து கட்டங்களை எண்ணுவது நம் பழைய முறை. வெள்ளைத் தாளில் பூவரசு இலையையும் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படமெடுத்து, இலையைப் பின்னணியிலிருந்து பிரித்தால் பரப்பு சதுர சென்டிமீட்டரில் வந்துவிடும். பூச்சி அரித்த ஓட்டைகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்றும் சொல்லும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை தன் வயலிலிருந்தே மாதிரி எடுக்கலாம். இதற்கு நுண்ணோக்கிகூடத் தேவையில்லை. இலையின் அடிப்பக்கத்தில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் இலைத்துளைகளின் அச்சு கிடைக்கும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பில் அதை வைத்துக் கைப்பேசியில் படமெடுக்கலாம். மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையே ஃபோல்ட்ஸ்கோப்பை இந்தியக் கல்லூரிகளுக்குக் கொண்டுவரும் திட்டம் நடத்தியது. அந்தக் கருவிகள் சில கல்லூரி அலமாரிகளில் இன்னும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

வெங்காய வேர்நுனி செல்பிரிவு, தட்டில் காலனி எண்ணுவது, ரத்த சிவப்பணு விட்டம் என்று இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: எது பொருள், எது பின்னணி என்று எங்கே கோடு கிழிப்பது? இரண்டையும் பிரிக்கும் எல்லை எண்ணாக ஒரு வாசல் மதிப்பை மாணவர் கையால் நகர்த்தி வைக்கலாம். 1979-இல் நொபுயுகி ஓட்சு சொன்ன முறையில் கணினியே அதைக் கண்டுபிடிக்கலாம். ஃபிஜியில் இப்படிப் பதினைந்துக்கும் மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. ஒரே படத்தில் முறையை மாற்றினால் செல் எண்ணிக்கை மாறும். மாறுவதைக் கண்ணால் பார்த்த மாணவர், ஆய்வுக் கட்டுரையில் "செல்கள் எண்ணப்பட்டன" என்ற வரியைப் படிக்கும்போது "எப்படி?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டாலே எனக்குப் போதும். செயற்கை நுண்ணறிவு வைத்துச் செல்களைத் தானே பிரிக்கும் செல்போஸ் போன்றவை வந்துவிட்டன, நல்ல கருவிகள்தான். ஆனால் முதல் பருவத்திலேயே அதில் தொடங்காதீர்கள். கையால் கோடு கிழித்துத் திண்டாடாதவருக்கு அது எங்கே தவறுகிறது என்று தெரியாது.

இனி மூலப் படங்கள். மாணவருக்கு உண்மையில் அடைபட்டிருக்கும் கதவு இதுதான் என்பது என் எண்ணம். மென்பொருள் உலகம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அதில் போடுவதற்குப் படம்தான் இல்லை.

நம் துறைகளில் படங்கள் இல்லாமல் இல்லை. பத்து பதினைந்து வருட ஆராய்ச்சியின் படங்கள் நுண்ணோக்கிக்குப் பக்கத்துக் கணினியில் "நியூ ஃபோல்டர் 3" என்ற பெயரில் கிடக்கின்றன. அந்த ஆராய்ச்சி மாணவர் முனைவர் பட்டம் வாங்கிப் போன பிறகு அதைத் திறப்பார் இல்லை. வன்தட்டு ஒரு நாள் போய்விடும், படங்களும் போய்விடும். வெளியே வருவது என்னவென்றால், ஆய்வேட்டில் ஒட்டிய அச்சுப்படமும் பவர்பாயின்டில் ஒட்டிய ஜேபெக்கும்தான். ஜேபெக்கில் வைத்து எதையும் அளக்க முடியாது என்றில்லை, ஆனால் கோப்பைச் சிறிதாக்க அது படப்புள்ளி மதிப்புகளை மாற்றிவிடுகிறது. ஒளியின் அளவை ஒப்பிடும் வேலைக்கு அது உதவாது. பவர்பாயின்டில் ஒட்டினால் அளவுகோல் விவரமும் போய்விடும். படத்தில் ஒரு புள்ளி எத்தனை மைக்ரோமீட்டர் என்று தெரியாவிட்டால் அது வெறும் அழகான படம்.

கருவி நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கோப்பு வடிவத்தில்தான் படத்தைச் சேமிக்கின்றன. சைஸ் ஒரு வடிவம், லைக்கா ஒரு வடிவம், நிக்கான் ஒரு வடிவம். முன்பெல்லாம் அந்தந்த நிறுவன மென்பொருளும் டாங்கிள் என்ற உரிமச் சாவியும் இருந்தால்தான் திறக்கும் என்ற பயம் இருந்தது. இன்று அந்தப் பயம் வேண்டாம். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட திறந்த நுண்ணோக்கிக் குழுவினர் உருவாக்கிய பயோஃபார்மட்ஸ் 150-க்கும் மேற்பட்ட வடிவங்களைப் படிக்கும், அளவுகோல் விவரத்தோடு. ஃபிஜியிலேயே அது சேர்ந்து வருகிறது. ஆகவே மூலக் கோப்பை அப்படியே கொடுங்கள், மாற்றித் தர மெனக்கெட வேண்டாம்.

வெளியிடாத ஆய்வின் படங்களைத் தர நெறியாளர்கள் தயங்குவார்கள், நியாயம்தான். வெளியான கட்டுரைகளின் படங்களைக் கொடுக்கலாம். செய்முறைக்கென்றே ஒரு நாள் ஒதுக்கி நூறு படம் எடுத்து வைக்கலாம். மருத்துவமனை ஸ்லைடுகள் வேறு கதை, நோயாளி விவரம் கலந்தது. அவற்றை நான் கேட்கவே இல்லை. எதுவுமே கிடைக்காவிட்டாலும் உலகம் கொட்டி வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் உயிர்ப்படக் காப்பகம், இமேஜ் டேட்டா ரிசோர்ஸ், ஸ்வீடனின் மனிதப் புரத வரைபடம், பிராட் நிறுவனத்தின் ஒப்பீட்டுப் படத்தொகுப்பு ஆகியவற்றில் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இதில் கடைசியில் சொன்னது தேர்வு வைப்பவர்களுக்குப் பிடிக்கும். அதில் சில படங்கள் கணினியே உருவாக்கிய போலிச் செல்கள். எத்தனை செல் என்பது முன்கூட்டியே தெரியும். மாணவர் எண்ணியது சரியா என்று பார்க்க விடைத்தாளே கையில் இருக்கிறது.

இதிலேயே "வீட்டில் செய்யச் சொன்னால் காப்பி அடிப்பார்கள்" என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை வைத்து ஆளுக்கு ஒரு படம் கொடுங்கள். விடை ஒன்றாக இருக்க முடியாது. இமேஜ்ஜேயில் செய்த ஒவ்வொரு படியையும் கட்டளை வரிகளாகப் பதியும் வசதி உண்டு. ரெக்கார்டில் அந்த வரிகளையும் ஒட்டச் சொல்லுங்கள். புறத்தேர்வாளர் அதே படத்தில் அந்த வரிகளை ஓட்டினால் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் "ஏம்மா வரல?" என்று கேட்கலாம். இன்று சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் முறையில் இந்த அளவுக்குச் சோதிக்க முடிகிறதா?

கணினி எல்லோரிடமும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் பல வீடுகளுக்குப் போயின. 2025–26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அரசு அறிவித்தது. கணினி கைக்கு வந்த பிறகு அதில் துறை சார்ந்து என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியது நாம்தானே? சொல்லாவிட்டால் அது படம் பார்க்கும் பெட்டிதான். பழைய 4 ஜிபி நினைவகக் கணினிக்கு ஏற்றபடி படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது ஆசிரியர் வேலை. 2048-க்கு 2048 அளவிலான ஒரு பதினாறு பிட் படம் சுமார் 8 எம்பி. பொருளை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் மூன்று நிறம், முப்பது அடுக்கு என்று எடுத்தால் 720 எம்பி ஆகிவிடும், பழைய கணினி திணறும். 512-க்கு 512 எட்டு பிட் துண்டாக வெட்டினால் 256 கேபிதான், மாணவரின் டேட்டாவும் தீராது. ஒரே ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது தானாகவே படத்தைச் சுருக்கி மதிப்புகளைக் கெடுத்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். இந்த ஒரு வரியைத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கணினி இல்லாத பிள்ளைக்குக் கல்லூரிக் கணினி ஆய்வகத்தை மாலை நேரத்தில் திறந்து வைப்பது கட்டாயம். மடிக்கணினி இல்லாததால் மதிப்பெண் போனது என்று ஒருவர்கூடச் சொல்லும்படி ஆகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டிலிருந்து செய்முறை என்றதும் 2020 நினைவுக்கு வரும். மார்ச்சில் கல்லூரிகள் மூடின. பாடத்தைக் காணொளியில் நடத்தினோம், செய்முறைக்கு யாரோ எடுத்த வீடியோவைக் காட்டினோம், ரெக்கார்டை எழுதி வாங்கினோம். அந்தப் பருவ மாணவர்கள் பலர் பிப்பெட்டைப் பிடிக்காமலேயே பட்டம் வாங்கினார்கள். அது அவசரம், குறை சொல்லவில்லை. ஆனால் கல்லூரி திறந்ததும் அந்த அனுபவத்திலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் பழைய இடத்துக்கே போய்விட்டோம் என்பதுதான் என் வருத்தம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும் சுற்றுப்புறமும் நாள்கணக்கில் முடங்கியபோது மறுபடி அதே நிலை. பருவமழை விடுமுறை ஒவ்வொரு வருடமும் வருகிறது, செய்முறை நாட்களைத் தின்றுவிட்டுப் போகிறது. இரண்டு பேருந்து மாறி வரும் மாணவி, பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தொடர்பு வகுப்புக்கு மட்டும் வருபவர் ஆகியோருக்குப் புயல் இல்லாத நாளிலும் அதே நிலைதான்.

மெய்நிகர் ஆய்வகங்கள்தான் இருக்கின்றனவே என்று சொல்வீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்டத்தில் அமிர்தா, ஐஐடிகள் போன்றவை உருவாக்கியவை எனக்கும் தெரியும். ஒரு சோதனையின் படிகளை மனதில் பதிக்க அவை நல்லவை. ஆனால் அசைபடத்தில் பொத்தானை அழுத்தினால் வரும் விடை முன்பே எழுதி வைத்தது. நிஜப் படத்தில் குப்பை இருக்கும், செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஒரு மூலை இருட்டாக இருக்கும், சில இடங்களில் ஒளி அதிகமாகி 255-லேயே முட்டி நிற்கும். அறிவியல் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி, "மெய்நிகர் செய்முறை" என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடாதீர்கள். இன்னொரு ஆபத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: படப் பகுப்பாய்வு வந்துவிட்டது, இனி ஸ்லைடு போட வேண்டாம், ரசாயனம் வாங்க வேண்டாம் என்று நிர்வாகம் கணக்குப் போடக்கூடும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வேர்நுனியை நசுக்கிச் சாயம் ஏற்றும் வேலை ஆய்வகத்தில்தான் நடக்க வேண்டும். ஆய்வகத்தில் எடுத்த படத்தை வீட்டில் அளப்பது அதன் தொடர்ச்சி.

வணிக மென்பொருளை அறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பரிமாணக் கன்ஃபோகல் அடுக்குகளில் நரம்பு செல்லின் கிளைகளைத் தொடர்வது போன்ற வேலைகளுக்கு இமாரிஸ் போன்றவை சௌகரியம். முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது தேவைப்படும். ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக ஓர் உரிமம் வாங்கி, அதை ஒரே கணினியில் பூட்டி வைப்பது பணத்தை வீணாக்குவது. உரிமத்தை ஒரு சேவையகத்தில் வைத்து, நேரம் பதிவு செய்தவர்கள் எங்கிருந்தாலும் தொலைவிலிருந்து பயன்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. ஆய்வுக் கருவிகளைப் பகிர்வதற்கான மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளம், காம்சால் என்ற உருவகப்படுத்தல் மென்பொருளை நாடு முழுக்கக் கல்வித்துறைப் பயனர்களுக்கு இப்படித்தான் இலவசமாகத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஒப்புதலான "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய்க்கு, 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு வந்தன. இதழ்களுக்கு ஒன்றாகப் பேரம் பேச முடிந்தால் மென்பொருளுக்கும் முடியும். உயர்கல்வி மன்றம் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சார்பில் ஒரு கடிதம் எழுதினால் நிறுவனங்கள் விலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

ஆராய்ச்சி நேர்மை என்று ஒரு தாளையும் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறோம். அதைச் சொல்லித் தர இதைவிட நல்ல வழி இல்லை. 2016-இல் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் குழுவினர் 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்துச் சரிபார்த்ததை வெளியிட்டார்கள். 3.8 சதவீதக் கட்டுரைகளில் ஒரே படம் இரண்டு இடத்தில் வருவது போன்ற கோளாறுகள் இருந்தன. இதில் எல்லாமே வேண்டுமென்றே செய்த மோசடி இல்லை, கவனக்குறைவும் உண்டு. பிரகாசத்தைக் கூட்டிப் பார்ப்பது வேறு, கூட்டியதைப் படப்புள்ளி மதிப்பிலேயே பதிந்துவிடுவது வேறு என்ற வித்தியாசத்தை யாரும் சொல்லித் தராததால் வரும் பிழைகளும் உண்டு. இமேஜ்ஜேயில் முதலாவதற்கு ஓர் இழுப்பான், இரண்டாவதற்கு "அப்ளை" என்ற பொத்தான். இளங்கலையிலேயே அந்தப் பொத்தானுக்கு முன்னால் கை தயங்கப் பழகினால், முனைவர் பட்ட காலத்தில் நெறிமுறைக் குழு கூட வேண்டி வராது. சிவப்பு–பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருக்க வாய்ப்பு உண்டு. அதே படத்தைச் செவ்வூதா (மெஜந்தா)–பச்சையாக மாற்ற இரண்டு சொடுக்கு போதும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கே தெரியாதே என்ற கடைசிக் கேள்வி மிச்சம். தெரியாதுதான், பலருக்கு. எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) என்ற பெயரில் சான்றிதழுக்காக எதையெதையோ கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் இரண்டு நாளை இதற்கு ஒதுக்கலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லிப்ரேஆஃபிஸையும் பைத்தானையும் தமிழில் சொல்லித் தருகிறது. அந்த அளவில் பத்து நிமிடத் தமிழ்க் காணொளிகளாகப் படப் பகுப்பாய்வைச் செய்துவைத்தால், மாணவரோடு சேர்ந்து ஆசிரியரும் கற்றுக்கொள்வார். "நான் முதல்வன்" திட்டத்தில் கணினித் துறைப் பிள்ளைகளுக்கு இருக்கும் வாய்ப்பு போல அறிவியல் பிள்ளைகளுக்கும் இது ஒரு பாடமாகலாம்.

பாடத்திட்டத்தை மாற்றுவது லேசில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மாற்றியிருக்கிறோம். 2014-இல் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறையைக் கைவிடச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தபோது, விலங்கியல் செய்முறைத் தேர்வையே திருத்தி எழுதினோம். தவளையும் கரப்பானும் இல்லாமல் விலங்கியலா என்று அன்று கேட்டவர்கள் இன்று கேட்பதில்லை. 2023-இல் உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது மறுபடி எல்லோரும் உட்கார்ந்து எழுதினோம். இப்போது நான் கேட்பதற்கு அவ்வளவு பெரிய கூட்டம் தேவையில்லை.

நுண்ணோக்கியில் பார்க்கும் பொருளின் அளவைக் கண்டறியும் மைக்ரோமெட்ரி என்று ஒரு செய்முறை பல உயிரியல் துறைகளில் ஏற்கெனவே இருக்கிறது. மேடை மைக்ரோமீட்டர் என்ற அளவு பொறித்த ஸ்லைடில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்திருக்கும், ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர்; அதை வைத்துக் கண்ணருகு அளவுகோலைச் சரிபார்த்து ஈஸ்ட்டையோ பூஞ்சை வித்தையோ அளக்கிறோம். அந்தச் செய்முறையின் விவரிப்பில் "அல்லது அளவுகோலுடன் எடுத்த எண்ணிமப் படத்தைக் கட்டற்ற மென்பொருளில் அளந்து" என்று ஒரு வரியைச் சேருங்கள். மதிப்பெண் பங்கீட்டில் அதற்கு ஐந்து மதிப்பெண் வையுங்கள். "ஆய்வகத்துக்கு வெளியே செய்யலாம்" என்ற குறிப்பையும் போடுங்கள். வரும் கல்வியாண்டில் ஒரு பருவத்துக்கு மட்டும் நடத்திப் பார்த்து, புறத்தேர்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை வைக்க ஒரு உறுப்பினர் முன்மொழிந்தால் போதும். மாதிரிப் படங்களும் செய்முறைக் குறிப்பும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர நானும் என் நண்பர்கள் சிலரும் தயார்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு எடுக்கும் ஒரு கௌரவ விரிவுரையாளர்